பதினேழாம் பீப்பாய்

பிப்ரவரி 19, திங்கள்

தவக்காலத்தில் மட்டும் நாட்குறிப்பு எழுதுவது என் வழக்கம். ஊரில் மற்றவர்கள் கறியை விடுகிறார்கள், காபியை விடுகிறார்கள். என் வீட்டுக்காரர் இவர், வருஷா வருஷம் குடியை விட்டுவிட்டு ஈஸ்டர் அன்று வட்டியோடு பிடித்துக்கொள்வார். எனக்கு விடுவதற்கு எதுவும் இல்லாததால் எழுதுகிறேன்.

விஸ்கி கம்பெனியில் இத்தனை வருஷமாக மூக்கை வைத்துப் பிழைக்கிறவள் ஒரு கிளாஸ் முழுதாகக் குடித்ததில்லை என்றால் புதுச்சேரியில் ஒருவரும் நம்புவதில்லை. வாயில் வைப்பேன், நாக்கில் உருட்டுவேன், துப்பிவிடுவேன். தவக்காலத்தில் இது பாவமா என்று ஃபாதர் இருதயராஜிடம் ஒருமுறை கேட்டேன். துப்புவது உண்மையானால் பாவமில்லை என்றார். அவர் சந்தேகம் அவருக்கு.

இன்று பதினேழாம் பீப்பாயைத் திறந்தோம். ஸ்பெயினில் ஷெர்ரி என்ற திராட்சை மதுவை வைத்திருந்த பீப்பாய். அதைக் கப்பலில் வரவழைத்து எங்கள் விஸ்கியை அதில் ஊற்றினது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், எனக்கும் இவருக்கும் கல்யாணமான வருஷம். காலிப் பீப்பாயை முகர்ந்து "இது தேறும்" என்று சொன்னவள் நான். நிரப்பியபின் வாயில் கட்டையை வைத்து அடித்து மூடியவர் இவர், குடோன் மேனேஜர் அல்போன்ஸ். நாற்பது வயதில் கல்யாணம் செய்துகொண்ட எங்களுக்கு அதைவிட்டால் வேறு பிள்ளை இல்லை என்று ஆபீசில் கேலி செய்வார்கள். நம் ஊர் வெயிலில் பாதிக்குமேல் ஆவியாகப் போய்விட்டது. அது சம்மனசுகளின் பங்கு, வானதூதர்கள் குடித்தது என்று இவர் சொல்வார். நம் சம்மனசுகள் மொடாக்குடியர்கள்.

நிறம்: கடுங்காப்பியை வெளிச்சத்தில் பிடித்தது போல. மணம்: முதலில் கறுப்புத் திராட்சை, பேரீச்சை. கொஞ்சம் பொறுத்தால் வால்நட், சுருட்டு இலை, மெழுகு தேய்த்த கோயில் பெஞ்சு. ருசி: கருப்பட்டியும் சுக்கும், ஓரத்தில் நாரத்தைத் தோலின் கசப்பு. தொண்டையில் நின்றது நெடுநேரம். துப்பியபின்னும் போகவில்லை. துப்ப மனமும் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

முதலாளி மாசிலாமணி சார் சொல்லிவிட்டார்: ஈஸ்டருக்கு இந்த ஒரு பீப்பாய் மட்டும் தனியாகப் பாட்டிலில் வரும். லேபிளில் என் பெயர் போடுவார்கள், 'தேர்ந்தவர்: ஃபிலோமினா' என்று. எங்கள் கம்பெனியில் முகர்கிற ஆளின் பெயர் லேபிளில் ஏறுவது இதுதான் முதல்முறை. இடைவெளி விட்டு மூன்று தடவை ருசி பார்த்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. அது நானே வைத்த சட்டம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

நேற்றைய கோப்பையைக் கழுவாமல் வைத்திருந்து காலையில் முகர்ந்தேன். இதுவும் என் சட்டம்தான். ருசி பார்க்கும் அறையில் என்னோடு வேலை செய்யும் தமிழரசிக்கு வந்த புதிதில் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. நிறைந்த கோப்பையில் சாராய நெடி முன்னால் நின்று எல்லாவற்றையும் மறைக்கும். ராத்திரி முழுக்கக் காய்ந்த காலிக் கோப்பையில் மரம் மட்டும் மிஞ்சும். மூக்கே இல்லாதவனுக்கும் அப்போது தெரிந்துவிடும்.

காய்ந்த கோப்பையில் கிறிஸ்துமஸ் கேக் இருந்தது. ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் சங்கரா வாங்கினேன். முதல் கூடையில் இருந்தது நேற்றைய மீன். மீன்காரம்மா என்னைப் பார்த்ததும் தானே அடுத்த கூடையைத் திறந்துவிட்டாள்.

பிப்ரவரி 22, வியாழன்

காய்ச்சல். உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி.

பிப்ரவரி 26, திங்கள்

இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது. இவர் இத்தனை நாளும் என்னைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். கஞ்சி வைத்தார், நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டார், லீவு சொல்லிவிட்டார். கட்டிக்கொண்டதில் எனக்கு நஷ்டமில்லை.

சனிக்கிழமை மட்டும் குடோனில் அவசர வேலை என்று போய் இருட்டின பிறகு வந்தார். சட்டையைக் கழற்றிக் கட்டிலில் போட்டபோது தேங்காய் வாசம் அடித்தது. தேங்காயும் வெனிலாவும், பிஸ்கட் கடை போல. காய்ச்சலில் மூக்கு என்னென்னவோ காட்டும். அவரிடம் சொன்னேன். சிரித்தார். "உனக்கு இன்னும் ஜுரம் எறங்கல" என்று சட்டையை அவரே துவைத்துப் போட்டார். துவைக்கிற ஆளா அவர்? நோயாளிக்கு என்ன மரியாதை பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 1, வெள்ளி

காலையில் சமையலறையில் நின்று கத்தினார். காஸ் அடுப்பு திறந்தே கிடந்ததாம், வீடு முழுக்க நாற்றமாம். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"உனக்கு நிஜமாவே வாசன வரலியா ஃபிலோ?" என்று கேட்டபோது அவர் முகம் பாவமாக இருந்தது.  இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு எத்தனையோ பேருக்கு மூக்கு போயிருக்கிறது.

அவர் போனபின் மிளகைப் பொடித்து முகர்ந்தேன், பெருங்காயத்தை முகர்ந்தேன். எல்லாம் தெரிகிறது. அப்படியானால் காஸ் ஏன் தெரியவில்லை? எதில் ஓட்டை விழுந்திருக்கிறதோ.

மார்ச் 4, திங்கள்

வேலைக்குப் போனேன். எல்லாரும் ரொம்ப அன்பாக இருந்தார்கள். வாசலில் வாட்ச்மேன்கூட "ஒடம்ப பாத்துக்கங்க மேடம், எல்லாம் திரும்ப வந்துரும்" என்றார். எது திரும்ப வரும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

மார்ச் 5, செவ்வாய்

பதினேழின் இரண்டாம் ருசி.

நிறம்: அதே. சொல்லப்போனால் ஒரு பிடி கறுப்பு அதிகம். மணம்: திராட்சை இருக்கிறது, ஆனால் வாசலோடு நிற்கிறது, உள்ளே வர மாட்டேன் என்கிறது. அதற்குப் பின்னால் தேங்காய், வெனிலா. ருசி: இனிப்பு, அவ்வளவுதான். கருப்பட்டி இல்லை, சுக்கு இல்லை. தொண்டையில் நிற்கவே இல்லை.

தேங்காயும் வெனிலாவும் அமெரிக்க மரத்தின் குணம். எங்கள் குடோனில் பெரும்பாலானவை அந்தச் சாதாரணப் பீப்பாய்கள்தான். ஸ்பெயின் மரத்தில் பன்னிரண்டு வருஷம் கிடந்த விஸ்கிக்கு இரண்டு வாரத்தில் தேங்காய் எங்கிருந்து வரும்?

தமிழரசியை முகரச் சொன்னேன். அவள் கோப்பையை விட்டு என்னையே பார்த்தாள். "நல்லாத்தான் மேடம் இருக்கு" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண், தரையைப் பார்த்துச் சொன்னாள். என் மனம் நோகக்கூடாது என்று சொல்கிறாள் என்பது மட்டும் புரிந்தது.

மார்ச் 6, புதன்

நேற்றைய காய்ந்த கோப்பையிலும் தேங்காய்தான். முதல் நாள் எடுத்துவைத்த மாதிரி பாட்டிலோடு ஒப்பிடலாம் என்று அலமாரியைத் திறந்தேன். பாட்டில் இல்லை. நான் படுத்திருந்தபோது, வந்திருந்த விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டும் என்று 'சார்' வாங்கிப் போனதாகத் தமிழரசி சொன்னாள். அவளுக்கு இவர்தான் சார், முதலாளி 'பெரிய சார்'. இவரைக் கேட்டேன். விருந்தாளிகள் மிச்சம் வைக்கவில்லை என்றார்.

மார்ச் 8, வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்து கோயிலிலிருந்து நடந்து வரும்போது இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பீப்பாய்க்குள் இருப்பது நாம் ஊற்றியது இல்லை என்று.

நின்றுவிட்டார். சாவி ஒன்று கலால் அதிகாரியிடமும் ஒன்று தன்னிடமும் இருக்க யார் உள்ளே வர முடியும் என்று மெதுவாகக் கேட்டார்.  பிறகு என் தோளில் கை வைத்து, "இத வெளிய சொல்லாத. ஒன் பேரு கெட்டுரும். கையெழுத்த போட்டுட்டு கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. நான் இருக்கேன்ல" என்றார்.

கண் கலங்கிவிட்டது. எனக்காக இவ்வளவு யோசிக்கிற மனுஷர்.

மார்ச் 10, ஞாயிறு

பூசையில் நோயாளிகளுக்காக மன்றாடும்போது ஃபாதர் என் பெயரையும் வாசித்தார். முடிந்ததும், "அல்போன்ஸ் வந்து ரொம்ப வருத்தப்பட்டார்மா. இழந்ததை ஆண்டவர் திருப்பித் தருவார்" என்றார்.

 வெளியே சொல்லாதே என்று என்னிடம் சொன்னவர் கோயிலில் சொல்லியிருக்கிறார். வேண்டிக்கொள்ளத்தானே சொன்னார் என்று சமாதானம் செய்துகொண்டேன். மத்தியானம் வறுத்த மீனில் உப்பு அதிகம் என்றார் இவர். எனக்குச் சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 11, திங்கள்

கையெழுத்துப் போட முடியாது. ராத்திரியெல்லாம் புரண்டு இந்த முடிவுக்கு வந்தேன். என் பெயரைப் போட்டுத் தேங்காய்த் தண்ணியை ஷெர்ரி பீப்பாய் என்று விற்க நான் விட மாட்டேன். மூக்கு போயிருந்தால் அதுவும் தெரியட்டும்.

மாசிலாமணி சாரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை, அதுதான் எனக்கு அதிர்ச்சி. அல்போன்ஸ் முன்னமே வந்து எல்லாம் சொல்லிவிட்டாராம். காய்ச்சலில் என் மூக்கு போனது, வீட்டில் காஸ் திறந்து கிடந்தது, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்பது வரை. "அவர் எடத்துல நான் இருந்தாலும் அதத்தான்மா செஞ்சிருப்பேன்" என்றார். லேபிளில் என் பெயருக்குப் பதில் வேறு ஏற்பாடு செய்யலாமா என்ற யோசனையும் நடந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று கோப்பை வைத்துச் சோதியுங்கள் என்றேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்: இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் மட்டும் வேறு. வேறு எது என்று சொல்லிவிட்டால் மூக்கு இருக்கிறது. இரண்டு கோப்பையில் பதினேழு, ஒன்றில் ரம் பீப்பாயில் கிடந்த ஒன்பதாம் நம்பர் என்று முடிவாயிற்று. வெளியிலிருந்து ஆள் வைத்து ஊற்றச் சொல்லவா என்று கேட்டார்.

"எதுக்கு சார்? இவரே ஊத்தட்டும்" என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

தோற்றுவிட்டேன்.

மார்ச் 12, மறுபடி

எழுதித்தான் ஆகவேண்டும்.

இவர் மறைவில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். நிறம் தெரியாத நீலக் கோப்பைகள். எதிரில் முதலாளி, ஓரத்தில் தமிழரசி. முகர்ந்தேன், தண்ணீர் விட்டு முகர்ந்தேன், வாயில் வைத்துத் துப்பினேன். மூன்றும் எனக்கு ஒன்றாகவே இருந்தன. திரும்பத் திரும்ப முகர்ந்தேன். ஒன்பதாம் நம்பரில் வெல்லப்பாகு வாசம் தூக்கலாக இருக்கும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அது எதிலும் இல்லை.

ஒன்றில் இருக்கிறது, இவர் ஊற்றியிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு என்னிடம்தான்.  நடுக் கோப்பையைத் தொட்டேன்.

இவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். வலதுபக்கக் கோப்பை என்று எழுதியிருந்தது.  தமிழரசி எழுந்து வெளியே போய்விட்டாள். பதினேழுக்கு அல்போன்ஸே கையெழுத்துப் போடுவார் என்று மாசிலாமணி சார் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

திரும்பி வரும்போது இவர் எனக்கு மல்லிகை வாங்கித் தந்தார். "இதாவது தெரியுதா பாரு" என்றார். தெரிந்தது. தலையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 13, புதன்

மேஜையிலிருந்து என் சாமான்களை எடுத்துவரச் சீக்கிரமாகவே போனேன். நீலக் கோப்பைகள் மூன்றும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. காலைவரை கழுவாதே என்று நான் சொல்லிச் சொல்லித் தமிழரசிக்கு அது பழகிவிட்டது.

பழக்க தோஷம், எடுத்து முகர்ந்தேன். இடது: தேங்காய், வெனிலா, மேலாகத் திராட்சை. நடு: அதே. வலது: அதே.

உட்கார்ந்துவிட்டேன். 

பிறகு எழுந்து ஒன்பதாம் நம்பரின் மாதிரியை ஒரு கோப்பையில் ஊற்றிக் கவிழ்த்து மின்விசிறிக்கு அடியில் காயவைத்தேன். மாசிலாமணி சார் வந்ததும் நான்கையும் தட்டில் வைத்து எடுத்துப் போனேன். எதையும் சொல்லவில்லை. புதிதாகக் காய்ந்ததை முதலில் நீட்டினேன்.

"இது வெல்லப்பாகு. ரம் பீப்பா, ஒன்பதுதான?" என்றார். சந்தோஷப்பட்டார்.

நேற்றைய மூன்றையும் அவர் முன்னால் தள்ளினேன். வலதை முகர்ந்தார். நடுவை முகர்ந்தார். இடதையும் முகர்ந்துவிட்டு எரிச்சலோடு நிமிர்ந்தார்.

"என்ன வச்சு வெளையாடறியாம்மா? மூணும் ஒண்ணாத்தான இருக்கு."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. வலது கோப்பையைத் திரும்ப எடுத்தார். வெல்லக் கோப்பையையும் எடுத்தார். மாறி மாறி முகர்ந்தார். அப்புறம் இரண்டையும் மெதுவாக வைத்துவிட்டு, ஃபோனை எடுத்து, கலால் அதிகாரியை வரச்சொல்லி குடோனைப் பூட்டச் சொன்னார். அல்போன்ஸைக் கூப்பிடவில்லை.

எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

மார்ச் 14, வியாழன்

கோவாவுக்கு அனுப்ப ஒதுக்கிய சாதாரணப் பீப்பாய்கள் குடோனின் கடைசி வரிசையில் இருந்தன. மட்டமான கலவைக்கு மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு. நாளை லாரி வருவதாக இருந்தது. அதிகாரி முன்னால் கட்டையைக் கழற்றக் கழற்ற நான் குனிந்து முகர்ந்துகொண்டே போனேன். தேங்காய், தேங்காய், தேங்காய்.

சுவரோரம் இருந்த பீப்பாயில் குனிந்ததும் நிமிர முடியவில்லை. கறுப்புத் திராட்சை, சுருட்டு இலை, மெழுகு தேய்த்த பெஞ்சு. கையால் மரத்தைத் தட்டிக்கொடுத்தேன். தமிழரசி பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

இரண்டு பீப்பாய்களுக்குள்ளும் இருந்ததை இவர் மாற்றி ஊற்றியிருக்கிறார். குடோனுக்குள் மாற்றி ஊற்றுவது வழக்கமான வேலைதான், அதிகாரிக்குச் சந்தேகம் வரவில்லை. நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை. ஷெர்ரி ஊறிய மரம் என்பதால் முதல் மூச்சுக்குத் திராட்சை வாசம் தானே வந்துவிடும். வாங்குகிறவர்களோடு சேர்ந்து கோவாவில் சொந்தமாக விஸ்கி போடத் திட்டமாம், பதினேழுதான் முதல் பாட்டிலாம். இதையெல்லாம் மாசிலாமணி சார் விசாரித்துச் சொன்னார். கேட்டுக்கொண்டேன். என் மனசு அந்தச் சனிக்கிழமைச் சட்டையிலேயே நின்றது. அன்றைக்கே மூக்கு சொல்லிவிட்டது. நான்தான் புருஷன் பேச்சைக் கேட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

இவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எதையும் மறுக்கவில்லை. வாழ்நாள் முழுக்க இன்னொருவன் சாவியைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது என்றார். எல்லாம் சரியாக வந்ததும் என்னையும் அழைத்துக்கொள்வதாக இருந்தாராம். மூக்கு போனவளை எதற்கு என்று கேட்டேன்.

 நானே தொடர்ந்தேன். "பீப்பாய எடுத்தீங்க, சரி. அத கம்பெனிக்காரங்க பாத்துக்கட்டும். என்ன ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"வேற யாரயும் ஏமாத்திரலாம் ஃபிலோ. ஒன் மூக்க ஏமாத்த முடியாது. அதான் ஒன்னயே நம்பவிடாமப் பண்ணணும்னு ஆயிருச்சு."

"மூணு கோப்பைலயும் ஒண்ணையே ஊத்துனீங்களே. மூணும் ஒண்ணுன்னு நான் சொல்லியிருந்தா?"

"சொல்ல மாட்டே. நான் ஊத்துனது ஆச்சே."

சண்டை போட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்துவிட்டது. "அன்னிக்கு காலையில காஸ் நெஜமாவே தெறந்திருந்துச்சா?"

"இல்ல" என்றார்.

பீப்பாய்க்குக்கூட நான் இப்படி அழவில்லை. மிளகையும் பெருங்காயத்தையும் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் பைத்தியம் மாதிரி நின்றேனே, அந்தக் காலையை நினைத்து அழுதேன்.

பெட்டியை எடுத்துக்கொண்டு காரைக்காலில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். போலீஸ் வரும் என்று அவருக்கும் தெரியும்.

மார்ச் 18, திங்கள்

சரியான பீப்பாயிலிருந்து இரண்டாம் ருசி, தமிழரசியையும் உட்காரவைத்து.

நிறம்: கொஞ்சமும் மாறவில்லை. மணம்: திராட்சை, பேரீச்சை, வால்நட், சுருட்டு இலை. மாற்றி ஊற்றியதில் ஒரு சிட்டிகை தேங்காய் ஏறியிருக்கிறது, தேடுகிறவளுக்கு மட்டும் தெரியும். ருசி: கருப்பட்டி, சுக்கு. நாரத்தைக் கசப்பு முன்பைவிடத் தூக்கல், அல்லது என் நாக்கு அப்படி இருக்கிறது. தொண்டையில் நிற்கிறது. இந்த முறை துப்பவில்லை. ஃபாதரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

ஈஸ்டருக்கு லேபிள் தயார், கையெழுத்துக்கு இன்னும் ஒரு ருசிதான் பாக்கி என்றார் மாசிலாமணி சார். மன்னிப்பும் கேட்டார். மூன்றாவதை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் இவர் தலையணை உறையை நேற்றே சோப்பில் ஊறவைத்துத் துவைத்தேன். இன்று வெயிலில் காய்ந்ததை மடிக்கும்போது அவர் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசம் வந்தது. மறுபடி வெந்நீரில் போட்டு அலசினேன். சாயங்காலம் கொடியிலிருந்து எடுத்து முகர்ந்தேன். அப்படியே இருக்கிறது.

என் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் தேவலை என்று இன்றைக்கு ஒருநாள் தோன்றியது.